தடிவயர் பாஸ் கேட்ட கேள்வி

கண்டி டவுனிலிருந்து கெலிஓயா வரைக்கும் உள்ள வீடுகளின் அந்தரங்கம் முழுவதையும் அறிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டொக்டர் இல்லை, கிராம சேவகர் இல்லை, கல்யாணத் தரகரும் இல்லை. வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். எந்த வீட்டில் மாமியார் தனியாகச் சமைக்கிறார், எந்த வீட்டில் தோசைக்கு அரைக்கும் சாக்கில் சண்டை நடக்கிறது, எந்த வீட்டு ஐயா குளிருக்குப் பயந்து துண்டை மட்டும் நனைத்துக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதற்காக அவர் யார் வீட்டுச் சுவரிலும் காதை வைத்து ஒட்டுக்கேட்கவில்லை. வீட்டுக்காரர்களே அவரிடம் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் பையிலிருந்து வயரை வெளியே எடுக்கமாட்டார்.

எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த எல்லோரும் பாஸ்தான். சுவர் எழுப்புகிறவர் மேசன் பாஸ், கதவு செய்கிறவர் தச்சு பாஸ். அந்தக் கணக்கில் இவர் வயரிங் பாஸ் என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், "இது பத்தாதுங்க, இன்னும் தடிப்பா வேணும்" என்றே சொல்லிச் சொல்லித் தடிவயர் பாஸ் ஆகிவிட்டார். ஆள் என்னவோ ஊதினால் பேராதனைப் பாலத்துக்கு அப்பால் போய் விழுந்துவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கோயில் திருவிழா நோட்டீஸில்கூட உபயகாரர் வரிசையில் "தடிவயர் பாஸ், ஹேவாஹெட்ட" என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் கோபப்படவும் இல்லை. 'தடி' என்ற எழுத்துகள் இன்னும் கொஞ்சம் தடிப்பாக இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம்.

அவர் தொழில் பழகியது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் என்ஜின் ரூமில். அந்தப் பழக்கத்தில், மூன்று அறை வீட்டைக்கூட அவர் ஒரு தொழிற்சாலையாகத்தான் பார்த்தார். சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில், பைக்குள் பழைய தினக்கலண்டர் தாள்கள். ஒரு வீட்டுக்கு எந்தத் தடிப்பில் வயர் போடுவது என்று முடிவுசெய்யுமுன் அந்தத் தாளின் பின்பக்கத்தில் வீட்டுக்கு ஜாதகம் எழுதுவார். ஜாதகம் என்பது நான் வைத்த பெயரில்லை, அவரே சொல்வது.

"மிஸ், வயர் வந்து இன்னைக்கு வீட்டுல என்னா இருக்குன்னு பாத்துப் போடுறது இல்லைங்க. நாளைக்கு என்னா வரும்னு பாத்துப் போடுறது" என்பார்.

இந்த நாளைக்கு என்ன வரும் என்பதில்தான் பலருக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அஸ்கிரியப் பக்கம் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வீடு கட்டினார். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகளைப் பார்வையாலேயே உட்கார வைத்தவர். அவரை எதிரே கதிரையில் உட்காரவைத்து நம் பாஸ் கேள்வி கேட்டிருக்கிறார். அம்மாவுக்குக் கால் சில்லிடுமா? அப்படியானால் சுடுதண்ணீர்ப் பெட்டி ஒன்று வரும். ஐயாவுக்கு இஸ்திரி போடாத சட்டை பிடிக்காதா? சரி, ஒரு அயன். அதுவரை அதிபர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். அடுத்த கேள்வி மகளைப் பற்றியது.

"பாப்பாவுக்கு எந்த மாதிரி மாப்பிள்ளை பாக்குறீங்க சார்?"

"அது உனக்கு எதுக்கு?"

"கொழும்பு மாப்பிள்ளன்னா வாஷிங் மெசின் கேப்பாரு. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளன்னா மிக்ஸி போதும், மிச்சம் எல்லாம் பாப்பாவே கையால செய்யணும். ரெண்டுக்கும் வேற வேற வயருங்க."

அதிபர் குடையை எடுத்துக்கொண்டு படிக்கட்டு முடியும்வரை துரத்திவந்தார். வேறொருவரைக் கூப்பிட்டு வேலையை முடித்தார். மகளுக்குக் கொழும்பு மாப்பிள்ளையே அமைந்தார். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தவர்கள் வாஷிங் மெசினை மாட்டிய அன்று சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் அதிபரே பாஸைத் தேடிப் போனார். பாஸ் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பழைய கலண்டர் தாளைப் பைக்குள்ளிருந்து எடுத்து, 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்த இடத்துக்கு நேரே கேள்விக்குறியை அழித்துவிட்டு, 'கொழும்பு' என்று எழுதினாராம்.

வயர் என்றால் வயர்தானே, எதை மாட்டினாலும் பல்பு எரியாதா என்று நினைக்கிற அப்பாவிகளில் நானும் ஒருத்தி. என் மண்டையில் ஏறும்படி பாஸ்தான் விளக்கினார். வயர் மெல்லிசாக இருந்து, அது தாங்குவதற்கு மேல் சாமான்களை மாட்டினால் வயர் சூடாகும். சுவருக்குள் இருப்பதால் சூடு நம் கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏறுமுன் கரண்டை வெட்டிவிடத்தான் மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. "அது டிவிக்கும் பிரிஜ்ஜுக்கும் காவல்னு எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. அது வயருக்குக் காவலுங்க" என்பார். சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் வயரைப் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் சுவிட்சைப் பார்ப்பார்கள். சின்னதாக இருப்பதால்தான் விழுகிறது என்று பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

புசல்லாவை ரோட்டில் ஒரு தேநீர்க் கடை முதலாளி அப்படித்தான் மாட்டினார். பாஸ் அங்கே பிளேன்டீ குடிக்கப் போனவர், குடிக்காமல் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சுவருக்குக் காய்ச்சல் பார்ப்பது அவர் வழக்கம். மீட்டர் கருவிகள் எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனாலும் கைதான் முதலில் போகும்.

"மொதலாளி, செவுறு காயுது."

"வடை போடுற எடம் பாஸ். காயாம என்னா செய்யும்?"

"வடை போடுறது அந்தப் பக்கம். காயுறது இந்தப் பக்கம்."

முதலாளி சிரித்து முடிப்பதற்குள் பாஸ் எழுந்துபோய் மெயினை இறக்கிவிட்டார். கடையில் இருந்த பத்துப் பேரும் பாதித் தேநீரோடு கூச்சல் போட்டார்கள். போர்டைத் திறந்து பார்த்தால் வயரின் தோல் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. அப்படியே விட்டிருந்தால் அன்று மாலைக்குள் அந்தக் கடை எரிந்து இல்லாமல் போயிருக்கும். அதற்குப் பிறகு பாஸ் அங்கே தேநீர் குடித்தால் முதலாளி வடையும் வைப்பார். பாஸ் வடையில் உழுந்து பத்தாது என்று சொல்வார்.

கட்டுக்கலையில் ஒரு சாவு வீட்டில் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். மாலையோடு வந்த பாஸ், பிணத்தருகே போவதற்கு முன்னால் மெயின் போர்டுப் பக்கம் போய்ச் சுவரில் கையை வைத்தார். அழுகைச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"யாருங்க இந்த நாலு போகஸ் லைட்டையும் பல்பு லைன்ல குடுத்தது?"

புருஷனைப் பறிகொடுத்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த அம்மாள் சட்டென்று நிமிர்ந்தார். கொழுந்தனைக் காட்டி, "இவருதான் பாஸ். நான் அப்பவே வேணாம்னேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார். பாஸ் இரண்டு விளக்கைக் கழற்றிவிட்டு வந்துதான் மாலை போட்டார்.

இப்படிப்பட்ட மனிதரை எங்கள் வீட்டுக்குள் விட்டது என் கணவர். அவர் சுன்னாகத்துக்காரர், கணித ஆசிரியர். உலகத்தில் பிரித்தால் விடை வராத விஷயம் எதுவும் இல்லை என்பது அவருடைய சமயம். நான் புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்தவள். கெலிஓயாவில் எங்களுக்கு ஒரு வீடு எழுந்தது என்றால் அது எங்கள் இரண்டு பேரின் சம்பளத்தில் எழுந்ததில்லை. என் தங்கை புஷ்பம் குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்து அனுப்பியதில் எழுந்தது. இதைச் சொல்ல எனக்கு அப்போதும் வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்த வருடம் புஷ்பம் இரண்டு மாத லீவில் வந்தாள். வரும்போது தன்னைவிடப் பெரிய பெட்டியில் ஒரு கரண்ட் ஓவன் கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து அதன் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். குவைத்து வீட்டில் அவள் பாணும் கேக்கும் பேரீச்சம்பழ பிஸ்கட்டும் செய்யப் பழகியிருந்தாள். லீவு முடிந்ததும் அவள் திரும்பிப் போவாள், இன்னும் இரண்டு வருடம் இருந்தால் மேல்மாடியும் எழும்பிவிடும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். யாரும் அதை உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவில்லை. மழை வருமென்று யாரும் கூட்டம் போட்டு முடிவுசெய்வதில்லையே, அப்படி. கேட்டவர்களிடம் "புஷ்பம் லீவில் வந்திருக்கிறாள்" என்றுதான் சொன்னோம். "வந்துவிட்டாள்" என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. ஏஜென்சிக்காரர் இரண்டுமுறை வந்து, வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மெயின் போர்டிலிருந்து பின்னால் சமையலறைக்கு ஓவனுக்கென்று தனி லைன் இழுக்கத்தான் பாஸை அழைத்தோம். சுவரில் பைப் பதிக்கப் பள்ளம் வெட்டியாகிவிட்டது. அது ஒரு புதன்கிழமை. மறுநாள் காலையில் மேசன் பாஸ் வந்து பள்ளத்தைச் சீமெந்தால் மூடிவிடுவதாக ஏற்பாடு. அதனால் எந்த வயர் என்று அன்றைக்கே முடிவாக வேண்டும்.

என் கணவர் முடிவோடுதான் காத்திருந்தார். கடதாசியில் கணக்கும் போட்டு வைத்திருந்தார்.

"இஞ்ச பாருங்கோ பாஸ். உந்த ஓவனுக்கு மூவாயிரம் வாட்ஸ் எண்டு பின்னால எழுதிக்கிடக்கு. இருநூற்றி முப்பது வோல்ட்டால பிரிச்சா பதின்மூண்டு அம்பியர். ரெண்டரை எம்.எம். வயர் தாராளமாக் காணும். வீட்டில அரைச் சுருள் மிச்சமும் கிடக்கு. இதில யோசிக்க ஒண்டுமில்லை."

பாஸ் கடதாசியை வாங்கி, மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார்.

"கணக்குல பிழ இல்லைங்க சார். ஒரு அடுப்புக்கு ரெண்டரை போதும்."

"பிறகென்ன?"

"பேரு இல்லைங்களே."

"என்ன பேர்?"

"அடுப்புக்கு முன்னால நிக்கப்போறவங்க பேரு."

என் கணவர் என்னைக் காட்டினார். "இவதான். என்ர மனுசி."

பாஸ் என் பக்கம் திரும்பிக் கலண்டர் தாளை எடுத்தார். அதுவரை நான் அந்த ஓவனின் கதவைத் திறக்கும்போதுகூடப் புஷ்பத்தைக் கூப்பிட்டுத்தான் திறந்திருக்கிறேன்.

"மிஸ் வருசத்துக்கு எத்தன தடவ பாவிப்பீங்க?"

"தீபாவளிக்கு… பொங்கலுக்கு…"

"பொங்கலுக்கு ஓவனுங்களா?"

"சரி, பொங்கலுக்கு இல்ல. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் கேக்."

"நீங்க வேதமுங்களா?"

"இல்ல. ஆனா பக்கத்து வீட்டுல இருக்காங்க."

பாஸ் தாளில் எதையும் எழுதவில்லை. பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு, ஓவன் வந்த வெற்றுப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்தால் எழுப்புவது கஷ்டம் என்று ஊரே சொல்லும்.

"சார், மிஸ்ஸு இந்த அடுப்புல சுட மாட்டாங்க. அவங்களுக்கு ரெண்டரை இல்ல, நூலு போட்டாலும் போதும். இதக் கொண்டாந்தது யாரு?"

"மச்சாள்தான். புஷ்பம்."

"அவங்களக் கூப்பிடுங்க."

என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "அவவை ஏன் கேக்கிறீங்கள்? அவ அடுத்த மாசம் போறா. இப்போதைக்கு இருக்கிற வயரை இழுத்துவிடுங்கோ. பிறகு தேவையெண்டா மொத்தமா ஒண்டை இழுப்பம்."

"இழுக்க ஏலாதுங்க சார். ரெண்டரைக்குப் போடுற பைப்புக்குள்ள தடி வயரு போவாது. செவுத்தத்தான் திரும்ப ஒடைக்கணும். நாளைக்கு மேசன் பாஸ் மூடிட்டாருன்னா முடிஞ்சிச்சு."

புஷ்பம் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆறு வருடப் பழக்கத்தில், யாராவது கூப்பிட்டால் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு வருவாள். பாஸ் அவளுக்காக எழுந்து நின்றார். சமையலறைக்குள் வந்த எவருக்கும் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாலு மணிக்கு அண்ணே. அங்க பிள்ளைங்களுக்கு…"

"அங்க இல்ல தங்கச்சி. இங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓவனைப் பார்த்தாள்.

"இங்கயும் நாலு மணிக்குத்தான் எந்திரிக்கணும். மொத தட்டு அப்ப உள்ள போனாத்தான் ஆறரை பஸ்ஸுக்கு முன்னுக்குக் கடைங்களுக்குப் போய்ச் சேரும்."

"என்னா தட்டு?"

"மாலு பனிஸ், உள்ள மீன் வெச்சி. அது காலையில பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாங்குவாங்க. பத்து மணிக்கு மேல பட்டர் கேக். பாண் போட வேணாம், பேக்கரியோட போட்டி போட ஏலாது. சந்தியில ரெண்டு கடையில கேட்டுட்டேன். ஒருத்தர் நூறு வேணுங்கிறாரு. ஒரு தடவைக்கு இருபத்தஞ்சுதான் வேகும், அப்ப நாலு தடவ வைக்கணும்."

எந்தக் கடையில் எப்போது கேட்டாள்? சந்திக்குச் சீப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் மூன்று நாள் போனது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மூன்று நாளில் ஒரு சீப்புகூட வரவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

பாஸ் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே போனார். பேசப் பேச, குனிந்திருந்த புஷ்பத்தின் தலை நிமிர்ந்தது. ஈஸ்ட் எங்கே வாங்குவது, மழைக்காலத்தில் மா பொங்க எவ்வளவு நேரமாகும், மீன் விலை ஏறினால் என்ன வைப்பது, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"ரெண்டாவது ஓவன் எப்ப வரும்?"

"அடுத்த வருசம் அண்ணே. ஒண்ணு ஒழுங்கா ஓடினா."

"அடுத்த வருசம் நீங்க இங்கதானா?"

இது வயர் போடுகிறவர் கேட்கிற சாதாரணக் கேள்விதான். அவர் எல்லா வீட்டிலும் கேட்பதுதான். அம்மாவுக்குக் கால் சில்லிடுமா என்று கேட்ட அதே குரலில்தான் இதையும் கேட்டார். புஷ்பம் பதிலை அவருக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் போகல அக்கா. வந்த அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன். யாரும் கேக்கல."

ஆறு வருடமாக அவளுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதியவள் நான். கூரை போட்டாயிற்று, நிலத்துக்குச் சீமெந்து பூசியாயிற்று, உனக்கு உடம்பு சுகமா என்று எழுதுவேன். வருகிறாயா, இருந்துவிடுகிறாயா என்று ஒரு வரி எழுதியதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் எனக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். மேல்மாடி ஆசை அப்படிப்பட்டது.

என் கணவர் பாஸின் காதிலிருந்து பென்சிலை உருவினார். தன் கடதாசியைச் சுவரில் வைத்து, பழைய கணக்கைக் குறுக்கே வெட்டிவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார்.

"ரெண்டு ஓவன். ஆறாயிரம் வாட்ஸ். இருநூற்றி முப்பதால பிரிச்சா… இருபத்தாறு அம்பியர். பிறகு மா குழைக்கிற மெசின் ஒண்டு வேணும், என்ன புஷ்பம்? கையால நூறு பனிசுக்குக் குழைக்க ஏலாது. நாலு மணியில இருந்து மத்தியானம் வரைக்கும் தொடர்ந்து எரியும். ரெண்டரை காணாது பாஸ். ஆறு எம்.எம். வேணும்."

"சாருக்குக் கணக்கு நல்லா வருதுங்க" என்றார் பாஸ்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த அன்பில் பாதி அந்த ஒரு பிரித்தல் கணக்கில் வந்ததுதான். அவருக்கும் மேல்மாடியில் ஒரு படிப்பறை வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை அவரும் அந்தக் கடதாசியில்தான் வெட்டினார்.

கெலிஓயா ஹார்ட்வெயார் கடையில் ஆறு எம்.எம். இல்லை. நாலு இருக்கிறது, சமாளிக்கலாமே என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். சமாளிக்கிறது என்ற சொல்லைக் கேட்டால் பாஸுக்குப் பேய் பிடிக்கும். அடுத்த பஸ்ஸில் கண்டிக்குப் போனார். இரண்டு மணிநேரம் கழித்து, கொட்டுகிற மழையில், தோளில் ஒரு சுருளோடு வந்து இறங்கினார். தலையில் போட்டிருக்க வேண்டிய பொலித்தீனை வயருக்குப் போர்த்தியிருந்தார். என் கணவர் சுருளின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பாஸ், இது ஆறில்லையே. பத்தெல்லோ?"

"பத்துதாங்க."

"ஆறு எண்டெல்லோ கணக்குப் பாத்தனாங்கள்?"

"ஆறு சாரோட கணக்கு. மிச்சம் நாலு என்னோட கணக்குங்க."

"உந்த நாலில என்ன ஓடப்போகுது?"

பாஸ் சட்டையைப் பிழிந்துகொண்டே புஷ்பத்தைப் பார்த்தார். "தெரியலைங்க சார். தங்கச்சி இன்னும் என்னென்ன நெனச்சி வெச்சிருக்குன்னு நமக்கு என்னா தெரியும்? தெருவுல இருந்து வர்ற லைன கரண்ட் கந்தோருக்கு எழுதிக் குடுத்து எப்ப வேணும்னாலும் பெருசாக்கிக்கலாம். செவுத்துக்குள்ள போறது ஒரு தடவதான்."

பொழுது சாய்வதற்குள் பைப்பைப் பதித்து வயரை இழுத்து முடித்தார். அவ்வளவு தடிப்பான வயர் வளைவில் திரும்ப மறுத்தது. ஒரு முனையில் பாஸ் தள்ள, மறுமுனையில் என் கணவர் இழுக்க, நடுவில் நான் சோப்புத்தூள் தடவ, புஷ்பம் யாரை எப்போது இழுக்க வேண்டும் என்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சத்தம் போட்டு யாரையும் வேலை வாங்கி அதுவரை நான் கேட்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டுக்கு வந்தார். முதல் தட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. அவர் அரைமணி நேரம் குவைத்தின் பெருமையைப் பேசினார், பேசும்போதே மூன்று மாலு பனிஸ் சாப்பிட்டார். கடைசியில், "நீ போகாட்டி போ. வேற ஆளப் பாத்துக்கிறேன். வீட்டுக்கு ஒரு ஆறு கட்டிக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது ஓவன் பாஸின் ஜாதகப்படியே அடுத்த வருடம் வந்தது. மூன்றாவதும் வந்தது. அதற்கு முன்னரே கரண்ட் கந்தோருக்கு எழுதிப் பெரிய லைன் எடுத்திருந்தோம். மேல்மாடியும் ஒருநாள் எழும்பியது, மாலு பனிஸ் எழுப்பியது. பாஸ் மாதம் ஒருமுறை வந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஒரு பனிசைத் தின்றுவிட்டு, மீன் குறைவு, மிளகு கூட, போன மாதம் இதைவிடப் பரவாயில்லை என்று ஏதாவது குறை சொல்வார். குறை சொல்லும்போதே இன்னொன்றை எடுத்துக்கொள்வார். புஷ்பம் வெளியில் முறைப்பாள். ஆனால் அவர் வருகிற வாரத்தில் மிளகை அளந்துதான் போடுவாள்.

பல வருடம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில் ஹேவாஹெட்டவிலிருந்து அவருடைய மருமகன் போன் பண்ணினார். பாஸ் தூக்கத்திலேயே போய்விட்டாராம். மா பொங்கித் தட்டுகள் வரிசையாகத் தயாராக இருந்தன. இருநூறு பனிசுக்கு ஓடர். புஷ்பம் போனை வைத்துவிட்டு நேராக மெயின் போர்டுக்குப் போய் மூன்று ஓவனின் சுவிட்சையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். பொங்கிய மாவை ஒரு துணியால் மூடினாள். எங்கள் சனத்தில் வீட்டு ஆள் செத்தால்தான் அடுப்பு மூட்டமாட்டார்கள்.

சந்திக் கடைக்காரர் பனிஸ் வரவில்லையே என்று போன் எடுத்தார். புஷ்பம் அழுதுகொண்டே சொன்னது எனக்கு அடுத்த அறையில் கேட்டது.

"மூணு நாளைக்கு அடுப்பு இல்ல மொதலாளி. எங்க அண்ணன் தவறிட்டாரு."

எங்களுக்கு அண்ணன் இருப்பது தனக்குத் தெரியாதே என்று கடைக்காரர் நினைத்திருக்க வேண்டும். என்னைப் போனுக்குக் கூப்பிட்டு, "உண்மையா மிஸ்?" என்று கேட்டார்.

ஆமாம், ஒரே ஒரு அண்ணன்தான் என்று சொன்னேன்.